கிசாமா: ஒரு 'தாங்கள்' வசைச்சொல்லான கதை

போன மாசம் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ஹாலில் உட்கார்ந்து ஜப்பான் கார்ட்டூன் (அனிமே என்று சொல்லணுமாம், கார்ட்டூன் என்றால் கோபம் வருகிறது) பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சி வந்து "ஏல, சோறு ஆறுது, எந்திரி"ன்னு டிவியை அணைத்தாள். பயல் துள்ளி எழுந்து கையை நீட்டி ஒரு கத்து கத்தினான்: "கிசாமா!"

ஆச்சி என்னைப் பார்த்தாள். "என்னல சொல்லுதான் இவன்? எனக்கு ஒரு எழவும் வெளங்கல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரொம்ப மரியாதையான வார்த்தை ஆச்சி. சமுகம் தாங்கள்னு சொல்லுதான்" என்றேன். பொய் இல்லை மக்களே. என்ன, முந்நூத்தி அம்பது வருஷம் லேட்டு. அவ்வளவுதான்.

இன்றைக்கு ஜப்பானில் யாரையாவது பார்த்து கிசாமா என்றால் அது சண்டைக்கான அழைப்பு. ஆனால் அதை எழுதுகிற இரண்டு கான்ஜி எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்துக்கு 'உயர்ந்த, மதிப்புள்ள' என்று பொருள். அடுத்தது 'சாமா', கடவுள் பெயருக்கும் வாடிக்கையாளர் பெயருக்கும் பின்னால் போடுகிற மரியாதை ஒட்டு. இரண்டையும் சேர்த்தால் 'மேன்மை தங்கியவரே'. சாமுராய்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதும்போது பயன்படுத்திய சொல் இது. எடோ காலத்தில் (1603-1868) கடிதத்திலிருந்து இறங்கி ஜனங்களின் வாய்க்கு வந்தது. வாய்க்கு வந்ததும் மதிப்பு இறங்க ஆரம்பித்தது. அந்தக் காலகட்டம் முடிவதற்குள் சமமானவனுக்குச் சொல்வது, கீழே உள்ளவனுக்குச் சொல்வது என்று படிப்படியாகச் சரிந்து, கடைசியில் வசவாகவே நின்றுவிட்டது. பிற்பாடு ராணுவத்திலும் கடற்படையிலும் கூடப் பயிற்சி பெற்ற கூட்டாளிகள் தங்களுக்குள் கிசாமா போட்டுக்கொண்டார்கள். நம்மூரில் உயிர்த்தோழனை "வால மூதேவி"ன்னு கூப்பிடுற மாதிரி.

இதைப் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாளாக மனசில் ஒரு அரிப்பு. காரணம் ஆச்சியோ அனிமேயோ இல்லை. சொந்த அனுபவம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்தருள்க.

2004-ல் டோக்கியோவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மென்பொருள் வேலை. போவதற்கு முன்னால் சென்னையில் ஆறு மாசம் மாலை வகுப்பில் ஜப்பானியம் படித்தேன். புத்தகத்தின் முதல் பாடத்தில் ஒரு கட்டம். நான் = வத்தாஷி. நீ, நீங்கள் = அனத்தா. முடிஞ்சது. மரியாதையான சொல்தான் என்று வேறு போட்டிருந்தது. நமக்குத் தமிழ் மூளையா, 'ஆஹா, நீங்கள் கிடைச்சாச்சு, இனி பயமில்லை' என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு. பிரிவுத் தலைவரை 'கச்சோ' என்பார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். மனுஷர் தங்கமானவர். அவரிடம் மூன்று வாரம் விடாமல் "அனத்தா சாப்பிட்டாச்சா, அனத்தா பார்த்தாச்சா, அனத்தா என்ன நினைக்கிறீங்க" என்று மரியாதையைப் பொழிந்து தள்ளினேன். அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு வரும், உடனே மறைந்துவிடும். மாசக் கடைசியில் சென்னை அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு போயிருக்கிறது: வேலை நன்று, பேச்சில் பணிவு போதாது, ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றிப் பிறகு பார்க்கலாம். அப்போது அக்கா கல்யாணக் கடன் என் தலையில். ரெண்டு நாள் தூக்கம் போச்சு. என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண்தான் தயங்கித் தயங்கி விளக்கினார். அனத்தா என்று மேலதிகாரியைச் சொல்லவே கூடாதாம். வாடிக்கையாளரை, ஆசிரியரை, மூத்தவரை, யாரையுமே கூடாது. பெயர் தெரியாத பொதுமக்களைப் பார்த்து விளம்பரத்திலும் படிவத்திலும் சொல்லலாம். அப்புறம், வீட்டில் மனைவி கணவனைக் கூப்பிடுவாராம்.

அதாவது மூணு வாரமா அந்த மனுஷரை நான் "என்னங்க, என்னங்க"ன்னு கூப்பிட்டிருக்கேன் :-(

சரி, மேட்டருக்கு வருவோம். அனத்தா என்பது பிறப்பிலே 'நீ'யே கிடையாது. அதன் பழைய பொருள் 'அந்தப் பக்கம், அதற்கு அப்பால்'. ஒருவரை நேராகச் சுட்டுவது மரியாதைக் குறைவு என்பதால், அவர் இருக்கும் திசையைச் சுட்டுகிறார்கள். முதலில் 'அந்தப் பக்கத்தில் இருப்பவர்' என்று படர்க்கையில் மரியாதையாகச் சொல்லி, 18-ஆம் நூற்றாண்டில் எதிரே இருப்பவருக்கே சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது அதுதான் உச்சகட்ட மரியாதை. நம்ம மலையாளத்துச் சேட்டன்மார் பெரிய மனிதர்களை 'அங்ஙு' என்பார்களே, 'அங்கு'தான் அது. அதே தந்திரம்.

ஒமாயே என்ற சொல்லும் அப்படித்தான். 'திருமுன்' என்று தமிழில் சரியாகச் சொல்லலாம். தெய்வத்தின் முன்னால், பிரபுவின் முன்னால் உள்ள இடம். அந்த இடத்தைச் சொல்லி ஆளைக் குறித்தார்கள். எடோ காலத்தின் முற்பாதி வரை பெரியவர்களுக்கான சொல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சமமானவர்க்கும் கீழானவர்க்கும் என்று ஆகிவிட்டது. இன்றைக்கு 'டேய் நீ'. கிமி என்ற சொல் 'தலைவன், அரசன்'. 8-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான மன்யோஷூ பாடல்களில் பெண்கள் காதலனைக் கிமி என்று அழைப்பார்கள், சங்கத் தலைவி 'ஐய' என்கிற மாதிரி. இன்றைக்கு வயசான மேனேஜர் இளசுகளை அழைப்பது கிமி.

எல்லாமே மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே போன ஒரு சொல்லைக்கூட நான் பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்தால் சிக்கலே இல்லை. சுற்றி வளைத்துச் சொல்வதில்தான் மரியாதை இருக்கிறது. எல்லோரும் தினமும் புழங்கிப் புழங்கி அந்தச் சுற்று வழியே நேர்வழியாகிவிடுகிறது. 'அந்தப் பக்கம்' என்று கேட்டதும் இப்போது யாருக்கும் பக்கம் ஞாபகம் வருவதில்லை, விரல்தான் தெரிகிறது. உடனே அடுத்த சுற்று வழி தேட வேண்டியிருக்கிறது. ஜப்பானிய இலக்கணக்காரர்கள் இந்த மரியாதைத் தேய்மானத்துக்குத் தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுதாம்? பழந்தமிழில் 'நீர்' பன்மை. பிறகு ஒருவருக்கே மரியாதைக்குச் சொன்னார்கள். இன்றைக்குத் திருநெல்வேலிக்காரன் "நீரு எங்கவே போனீரு" என்றால் அது மரியாதையா, நக்கலா, பாசமா என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். அதற்கு மேலே 'நீங்கள்' வந்தது. அதுவும் போதாமல் 'தாங்கள்'. அதன் நேர்ப்பொருள் என்ன? அவர்களே, தாமே. படர்க்கையைக் கொண்டுவந்து முன்னிலையில் நிறுத்தியிருக்கிறோம். அனத்தாவின் அண்ணன்.

இதுவாவது பரவாயில்லை, தெமாயே என்று ஒன்று இருக்கிறது. 'கைக்கு முன்னால், இந்தப் பக்கம்' என்று பொருள். தன்னைத் தாழ்த்திச் சொல்லும் 'நான்' அது. கடைக்காரர்கள் இன்றும் அதோடு பன்மை ஒட்டுச் சேர்த்து 'நாங்கள்' என்று பணிவாகச் சொல்வதுண்டு. அதே சொல் எதிராளியைச் சுட்டப் போய், தெமே என்று மருவி, அனிமேக்காரர்களின் இன்னொரு செல்ல வசவாகிவிட்டது. 'நான்' திரும்பி 'நீ' ஆன கதை.

நான் பக்கம் வந்தால் எதிர்த்திசையில் ஒரு வேடிக்கை. அங்கே பணிவுதான் தேய்கிறது. பையன்கள் சொல்லும் 'போக்கு' என்ற நானை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துக்குப் பொருள் வேலைக்காரன், அடிமை. சாட்சாத் நம்ம 'அடியேன்'தான். எடோ காலத்துச் சீன மொழிப் பண்டிதர்கள் கடிதங்களில் அடியேன் என்று எழுதிக்கொண்டார்கள். ஷோகுனாட்சிக்கு எதிராக இளைஞர்களைத் தூண்டிய யொஷிதா ஷோஇன் (1830-1859) இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். ஹகி என்ற ஊரில் அவர் நடத்திய சின்னப் பள்ளியில் படித்த பலர் பிறகு மெய்ஜி அரசில் பெரிய ஆட்கள் ஆனார்கள். மெய்ஜி காலத்து மாணவர்களிடையே போக்கு-கிமி என்ற ஜோடி ஃபேஷனாகவே பரவியது. நேர்ப்பொருள் பார்த்தால் 'அடியேன்-அரசே'. கேட்பதற்கு 'மச்சி-மாப்ளே'. இன்றைக்கு ஜப்பானில் ஒரு நாலு வயசுப் பையன் 'போக்கு' என்றால் யாருக்கும் அடிமை ஞாபகம் வராது.

இன்னொரு நான், 'ஒரே'. (ஆமாம், நம்ம ஒரே மாதிரிதான் உச்சரிப்பு.) இன்று ஆம்பிளைத்தனமான, கெத்தான நான். ஆனால் எடோ காலத்தில் பெண்களும் சாதாரணமாக ஒரே என்றார்கள். நகரத்துப் பெண்கள் விட்டுவிட்டார்கள். வடகிழக்கே தோஹொகு கிராமங்களில் பாட்டிமார்களிடம் அது தங்கிவிட்டது. 2010-ல் அரசு தன் பொதுப்பயன்பாட்டு எழுத்துப் பட்டியலைத் திருத்தியபோதுதான் இந்த 'ஒரே' எழுத்துக்கே இடம் கிடைத்தது. அதே திருத்தத்தில் இன்னொரு தமாஷ். 'வத்தாஷி' என்று உலகமே படிக்கும் எழுத்துக்கு அதுவரை அந்தப் பட்டியலில் 'வத்தாக்குஷி' என்ற நீண்ட உச்சரிப்பு மட்டும்தான் அதிகாரபூர்வம். அந்த எழுத்தின் மூலப்பொருள் 'தனிப்பட்டது, பொதுவல்லாதது'. அரசு, பொது என்பதற்கு எதிர்ப்பதம் அது. நான் என்றால் சர்க்கார் அல்லாதது! இந்த ஒரு விளக்கத்துக்காகவே அந்த மொழியைப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நாட்சுமே சோசெகியின் பூனை நாவல் (1905-06) தெரிந்திருக்கும். பெயரே இல்லாத ஒரு பூனை தன் கதையைச் சொல்லும். அது தன்னை 'வகஹாய்' என்கிறது. அந்தக் காலத்து அரசியல்வாதிகளும் பெரிய மனிதர்களும் மேடையில் சொல்கிற, மீசை முறுக்கிய நான். ஆங்கிலத்தில் ஒரே ஒரு நான்தான் உண்டு என்பதால் தலைப்பிலேயே நகைச்சுவை செத்துவிட்டது. தமிழில் 'யாம் பூனையாவோம்' என்று போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அந்நியர்கள் இந்தக் காட்டில் தடுமாறியதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் எங்க ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1542 முதல் மணப்பாடு, புன்னைக்காயல் என்று முத்துக்குளித்துறையில் சுற்றிய அதே சவேரியார்தான் 1549-ல் கப்பலேறிப் போய்க் ககோஷிமாவில் இறங்கினார். அவருடைய சபையார் இங்கே 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார்கள். ஜப்பானுக்கு அவர்களுடைய அச்சு இயந்திரம் போனது 1590-ல். அங்கே நாகசாகியில் 1603-ல், இணைப்போடு சேர்த்து 1604-ல், ஜப்பானிய-போர்ச்சுக்கீசிய அகராதி ஒன்று வந்தது. ஏறத்தாழ 32,000 சொற்கள். எது கியோத்தோ வழக்கு, எது கியூஷூ வழக்கு, எது பெண்கள் சொல், எது கொச்சை என்றெல்லாம் குறி போட்டிருக்கிறார்கள். நானூறு வருஷத்துக்கு முன்னாடி! என் சென்னைப் புத்தகம் அந்தக் குறியில் கால்வாசி போட்டிருந்தால் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் மிச்சமாகியிருக்கும். ஹிதெயோஷிக்கும் இயெயாசுவுக்கும் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஜோவாவ் ரோட்ரிகஸ் பாதிரியார் 1604-08-ல் ஓர் இலக்கணமே போட்டார். மரியாதை வழக்குக்கு அதில் நிறைய இடம் கொடுத்திருக்கிறார். தப்பாகப் பேசினால் தலை போகிற இடத்தில் நின்று பேசியவர், கொடுக்காமல் என்ன செய்வார்?

1888-ல் பேச்சு ஜப்பானியத்துக்குக் கையேடு எழுதிய பேசில் ஹால் சேம்பர்லின் இன்னும் தெளிவாகப் பிடித்தார். இவை மாற்றுப்பெயர்களே அல்ல, வெறும் பெயர்ச்சொற்கள், அதிலும் ஜப்பானியர்கள் பெரும்பாலும் இவற்றைச் சொல்வதே இல்லை என்றார். அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அப்புறம் எப்படி என் புத்தகத்தில் அந்தக் கட்டம் வந்தது? இங்கேதான் 1952 வருகிறது. போரில் தோற்று, 1947-ல் புது அரசியல் சட்டம் வந்து, குடிமக்கள் எல்லாரும் சமம் என்று ஆனது. மொழி மட்டும் மேல்-கீழ் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி? தேசிய மொழி ஆலோசனைக் குழு 1952 ஏப்ரல் 14-ல் 'இனிவரும் மரியாதை மொழி' என்ற பொருளில் ஒரு பரிந்துரை கொடுத்தது. அமெரிக்கப் படையாட்சி அதிகாரபூர்வமாக முடிய இரண்டே வாரம் இருந்தபோது. தன்னைச் சொல்ல வத்தாஷி பொதுச்சொல், விசேஷ இடங்களில் வத்தாக்குஷி. போக்கு என்பது மாணவர் சொல், வேலைக்குப் போனதும் வத்தாஷிக்கு மாறிவிட வேண்டும். எதிரே இருப்பவருக்கு அனத்தா. கடிதங்களில் போடும் விதவிதமான கனச் சொற்களையும் விட்டுவிட்டு அனத்தா என்றே எழுதலாம். ஏற்றத்தாழ்வில்லாத ஒரே நீங்கள்.

நல்ல எண்ணம். எனக்கு அந்தக் குழுவின் மேல் மரியாதை உண்டு. வத்தாஷி ஜெயித்தது. அனத்தா தோற்றது. யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்று சட்டாம்பிள்ளை சொன்ன சொல்லை, யாருக்கும் சொல்ல முடியாத சொல்லாக ஜனங்கள் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கனவின் மிச்சம் வெளிநாட்டு மாணவனின் முதல் பாடத்தில் கட்டம் கட்டி உட்கார்ந்திருக்கிறது. (பாடப்புத்தகம் எழுதுபவர்களையும் முழுக்கத் திட்ட முடியாது. முதல் நாளே 'நீ என்பதற்கு இங்கே சொல் இல்லை' என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.)

சொல் இல்லையென்றால் எப்படித்தான் பேசுகிறார்கள்? அவர்கள் பேசுவதில் நமக்குப் புதுசாக ஒன்றுமே இல்லை. டகாவோ சுசுகி என்ற மொழியியலாளர் 1973-ல் எழுதிய 'சொல்லும் பண்பாடும்' என்ற சின்னப் புத்தகத்தில் இதைப் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். மூத்தவரை உறவுமுறை சொல்லி அழைப்பார்கள், அல்லது பதவி சொல்லி. இளையவரைத்தான் பெயரோ, நீயோ. அப்பா பிள்ளையிடம் தன்னையே 'அப்பா' என்பார். வீட்டுக் கடைக்குட்டியின் இடத்தில் நின்று எல்லோரையும் அழைப்பார்கள். பெண்டாட்டியையே 'அம்மா' என்பார்கள். வழி தவறிய சின்னப் பையனைப் பார்த்துப் போலீஸ்காரர் 'போக்கு, என்ன ஆச்சு' என்பார், அதாவது 'நான், என்ன ஆச்சு'!

"அப்பா வாங்கிட்டு வாரேன்டா கண்ணு" என்று சொல்லாத அப்பா நம்ம ஊரில் உண்டா? "சார் சாப்பிட்டாச்சா?" என்று அந்தச் சாரிடமே கேட்பதில்லையா? ஆச்சியிடம் நான் "ஆச்சி எப்ப வந்தா?" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டு வளர்ந்தவன். எல்லாம் கையில் இருந்தது. இங்கிலீஷ் வழியாகப் படித்ததால் கோட்டை விட்டேன். 'கச்சோ சாப்பிட்டாச்சா?' என்று கேட்டிருந்தால் முடிந்தது கதை.

தமிழும் ஜப்பானியமும் என்றால் சுசுமு ஓனோவைக் கொண்டுவராமல் விடமாட்டீர்கள், தெரியும். ஜப்பானியத்துக்கு மூலம் தமிழே என்று 1980 வாக்கிலிருந்து வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை, எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. நான் மேலே சொன்ன ஒற்றுமைகளையும் ரத்த சம்பந்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதை பார்க்கிற ஊரில் எல்லாம் இப்படித்தான் நடக்கும். ஆனால் ஒரே மாதிரிச் சொற்களுக்கு நடுவே உள்ள மயிரிழையைக் காட்டுவதில் அவர் மகா ஆசான். 1999-ல் வந்த அவருடைய 'ஜப்பானிய மொழிப் பயிற்சி ஏடு' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஜப்பானியர்களுக்கே ஜப்பானியம் சொல்லித் தந்த புத்தகம். முதல் பாடமே 'ஒமோவு'க்கும் 'கங்காஎரு'வுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான். மனசில் ஒன்றே ஒன்று மாறாமல் நிற்பது ஒமோவு. இரண்டு மூன்றை வைத்து ஒப்பிட்டுக் கட்டுவது கங்காஎரு. நினைப்பதும் யோசிப்பதும். அவர் 2008-ல் காலமானார்.

என் கதைக்கு வருகிறேன். மறுநாள் கச்சோவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரம் ஒரு பழைய பாக்கெட் புத்தகத்தை மேஜையில் வைத்தார். மேலே சொன்ன சுசுகி புத்தகம்தான். படிக்க எனக்கு எட்டு மாசம் ஆனது. ஒப்பந்தம் நீட்டித்தார்கள். இரண்டரை வருஷம் இருந்தேன். அத்தனை நாளும் அவர் என்னைப் பெயர் சொல்லி 'சான்' போட்டுத்தான் அழைத்தார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஒரு சின்னக் கடையில் விருந்து. இரண்டாவது குவளை முடிந்ததும் என் தோளைத் தட்டி, "ஒமாயே, அங்க போய் எங்களை மறந்துடாதே" என்றார். பக்கத்து இருக்கைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு எங்க தாத்தா "ஏலே" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது, சாக்கேயின் மேல் பழியைப் போட்டேன்.

அக்கா பையன் இப்போது டிசம்பரில் ஜப்பானியத் தேர்வு எழுதப் போகிறானாம். அன்றைக்குச் சாப்பாட்டின்போது கேட்டான். "அப்போ நீங்கன்னு சொல்ல எந்த வார்த்தை மாமா படிக்க?"

"பரீட்சைக்கு அனத்தா படி. பேசும்போது பேரு சொல்லி சான் போடு. பேரு தெரியலன்னா சும்மா சிரி" என்றேன்.

"கிசாமா?"

"ஆச்சிகிட்ட மட்டும் சொல்லு. அவளுக்குத்தான் நான் வேற அர்த்தம் சொல்லி வச்சிருக்கேன்."